நன்றியுரை: சென்னியப்பன்

சித்த அக்கட்டால தள்ளி உக்காருங்க. இந்த மூட்டைய மடியில வெச்சுக்கறேன், கீழ வெச்சா அழுக்காயிருமுங்க. துண்டுங்க. பதினாறு துண்டு. ஈரோட்டுல போய் நானே பாத்து எடுத்துட்டு வாரேன். யாவாரத்துக்கில்லீங்க, நம்ம யாவாரம் மோட்டாருக்குக் காயில் கட்டறதோட சரி. இது எங்கூர் பங்சனுக்கு. செங்காட்டுப்பாளையமுங்க. கேள்விப்பட்டதில்லீங்களா? போச்சாதுங்க, இந்த பஸ் அங்கதான் போகுது, பாத்துக்குவீங்க.

அந்த பங்சன்ல எனக்கு என்ன வேலைன்னு கேளுங்க. நன்றியுரை! ஏனுங்க, உங்களுக்கே சிரிப்பு வருதல்ல? பன்னெண்டு வருசம் நன்றியுரை சொன்னவன். எப்படியோ முட்டி மோதி மேல வந்து, செயலாளராகி, வரவேற்புரை பேசி... இப்ப திருப்பியும் அதே எடத்துல கொண்டாந்து நிறுத்திப்போட்டாங்க. வயிறு எரியுதுங்க எனக்கு.

நன்றியுரைன்னா சும்மா இல்லீங்க. எந்தக் கூட்டத்துக்கு வேணா போய்ப் பாருங்க. வரவேற்புரைக்கு ஆளுக நிமுந்து உக்காந்திருப்பாங்க. நன்றியுரைக்கு நீங்க மைக் முன்னாடி போனீங்கன்னா, செருப்புத் தேடற முதுகுதான் தெரியும். மைக்செட்டுக்காரன் வயரைச் சுருட்டிக்கிட்டே "அண்ணா, சட்டுனு முடிங்"கம்பான். ஒருக்கா நான் "இறுதியாக"ன்னு சொல்லி வாய மூடலீங்க, மைக்கக் கழட்டிட்டுப் போயிட்டான். இறுதியா என்ன சொல்ல வந்தேன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு மனுசன் கேக்கல. அந்தக் கடுப்புல நான் நேரா வீட்டுக்குக் கெளம்பிருவேன். அதுக்கப்பறம் அங்க கும்மியோ என்னமோ நடக்கும்.

என்ன மன்றம்னு சொல்லலியே. செங்காட்டுப்பாளையம் முத்தமிழ் கலை வளர்ச்சி மன்றம். தலைவரு ஜவுளிக்கடை பொன்னுரங்கம். வருசத்துக்கு ரெண்டு விழா எடுப்போம். எடம், பேரூராட்சியோட பழைய படிப்பகம். புஸ்தகமெல்லாம் எப்பவோ வேற கட்டடத்துக்குப் போயிருச்சு, பெரிய ஹாலு சும்மா கெடந்துச்சுங்க. நாயித்துக்கெழமையில அங்க வள்ளி கும்மி பழகுவாங்க. பதினாறு பேரு. அதுல சம்பூரணம்னு ஒரு பொண்ணு சொல்லிக் குடுக்கும். பனியன் கம்பெனியில ஓவர்லாக் மிசின் ஓட்டற பொண்ணுங்க. ஆறு நாளு மிசின், ஏழாவது நாளு கும்மி. மத்தவங்களும் அப்படித்தான், டீக்கடை, தறி, ஸ்கூல் டீச்சரு, எல்லாம் கலந்து.

போன வருசம் மாசில பேரூராட்சியில இருந்து ஒரு லெட்டரு. பதிவு பண்ணாத அமைப்புக்குக் கட்டடம் விடறதுக்கு ரூல் இல்ல. ஆடிக்குள்ள பதிவும் பண்ணி, கலைத் துறையோட நிதியுதவிப் பட்டியல்லயும் சேந்து காட்டுங்க. இல்லீன்னா சிமெண்ட் குடோனுக்கு வாடகைக்கு விடப்போறோம்னு.

சம்பூரணம் நம்ம கடைக்கு வந்து நின்னுச்சு. "ஏனுங்ணா, எடம் போயிருமாங்ணா?"

"சந்தைத் தெடலு இருக்குதல்லோ அம்மிணி"ன்னேன்.

"அங்க பழகிப் பாத்தோமுங்ணா. பூராம் பாட்டில் சில்லு. வெறுங்காலுல ஆடறதுங்ணா. ரெண்டு பேருக்குக் காலுல தையல் போட்டு, அவிய வீட்டுல இனிமே போகாதேன்னுட்டாங்க. இந்த ஹாலு போச்சுன்னா கும்மி அன்னையோட முடிஞ்சுது."

எனக்கு மனசு கேக்கலீங்க. "நான் இருக்கற வரைக்கும் போவாது, நீ போ அம்மிணி"ன்னு சொல்லிப்போட்டேன். நேரா பொன்னுரங்கம் கிட்டப் போனேன். அவருக்குக் காயிதம் கச்சாத்துன்னா ஆகாது. "அலையறதுக்கு நான் தயாருங்க. ஆனா என்னைச் செயலாளராப் போடோணும். வரவேற்புரை எனக்கு"ன்னேன். தலைய ஆட்டிட்டாரு. பொழுதன்னிக்கும் நன்றியுரையா சொல்லிட்டிருப்பான் ஒருத்தன்?

சங்கம் பதியறதுன்னா லேசுன்னு நெனச்சீங்களா? மொதல்ல ஏழு பேரு வேணும். பொன்னுரங்கம், அவரு சம்சாரம், மச்சினன், மச்சினனோட பங்காளி ரெண்டு பேரு, பேரூராட்சியில முந்தி கவுன்சிலரா இருந்த ஒருத்தரு, அப்பறம் நானு. கும்மிக்காரங்கள்ல ஒருத்தரக்கூடப் போடலியான்னு பாக்கறீங்க. அவிய ஆடறவங்கல்லங்க? ஆடறவங்க ஆடோணும், நடத்தறவங்க நடத்தோணும்.

அப்பறம் துணை விதி. மன்றம் எதுக்கு, எப்படி நடக்கும்னு எழுதிக் குடுக்கோணும். அதையெல்லாம் யாருங்க புதுசா எழுதறது? எல்லாரும் பண்றாப்பல நானும் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்துதை வாங்கி, பேரை மட்டும் மாத்தி டைப் அடிச்சுக் குடுத்தேன். பதிவு ஆபீஸ்ல கண்ணாடி போட்ட அம்மா ஒண்ணு, சத்தமாப் படிச்சுச்சு. "மன்றத்தின் நோக்கங்கள். ஒன்று, கொசு மருந்து அடித்தல். இரண்டு, தெருநாய்களைக் கட்டுப்படுத்துதல்." என்னை நிமுந்து பாத்துச்சு. "கலை எத்தனாவதுங்க?" எனக்கு வேர்த்துப்போச்சு. மூணு தடவ திருத்தினேனுங்க.

அது முடிஞ்சா இன்னொண்ணு. லாப நோக்கமில்லாத சங்கம்னா, நாளைக்குச் சங்கத்தக் கலைச்சா சொத்து யாருக்குப் போகும்னும் எழுதோணுமாம். நமக்குள்ள பங்கு போட்டுக்கக் கூடாது, இதே மாதிரி இன்னொரு சங்கத்துக்குத்தான் குடுக்கோணுமாம். பொன்னுரங்கம் குதிச்சாரு பாருங்க! "பொறக்கவே இல்ல, அதுக்குள்ள கருமாதிக்கு நாள் குறிக்கச் சொல்றானா?" அவரச் சமாதானம் பண்ண எனக்கு ரெண்டு நாளாச்சு. சொத்துன்னு பாத்தா ரெண்டு பெஞ்சு, ஒரு குத்துவிளக்கு. குத்துவிளக்குலயும் ஒரு மொகம் ஒடஞ்சது.

எப்படியோ பதிவுச் சான்று வந்துருச்சுங்க. அன்னைக்கு நான் சைக்கிளை மிதிச்சு வந்தது இருக்கே, கால் தரையில பாவல.

அடுத்து நிதியுதவி. அதுக்கு மாவட்டக் கலை ஆபீஸுங்க. அங்க மெர்சி மேடம்னு ஒரு அதிகாரி. சின்ன வயசு, ஆனா மொகத்துல ஒரு சிரிப்பு இல்ல. மூணு வருசம் கலைப் பணி செஞ்சதுக்கு ஆதாரம் வேணும்னாங்க. நான் ஜம்முனு ஆல்பத்தை எடுத்து நீட்டினேன். இத்தாத் தண்டி ஆல்பம்.

மேடம் தெருப்பினாங்க. "இது என்னங்க?"

"பொன்னாடை போத்தறதுங்க மேடம்."

"இது?"

"இவரு அவருக்குப் போத்தறதுங்க."

"இது?"

"அவரு திருப்பி இவருக்குப் போத்தறதுங்க."

இப்படியே கடேசிப் பக்கம் வரைக்கும் போச்சு. "கலை நிகழ்ச்சி போட்டோ எதுலங்க இருக்கு?" எனக்கு மொகத்துல ஈயாடல. போட்டோக்காரன் நன்றியுரைக்கு முன்னாலயே சோத்துக்குப் போயிருவானுங்க, கும்மிய எவன் எடுத்தான்? தேடித் தேடி ஒண்ணு கண்டுபுடிச்சுக் காட்டினேன். பொன்னுரங்கம் தோளுக்குப் பின்னால ஒரு கை மட்டும் தெரிஞ்சுது, வளையலோட. "இது கும்மிங்க மேடம்."

மேடம் ஆல்பத்த மூடி வெச்சாங்க. கோவிக்கல, அதை நான் சொல்லோணும். "ஒரு விழா வைங்க. நானே வர்றேன். கலை நிகழ்ச்சிய என் கண்ணால பாத்தாப் போதும், அன்னைக்கே பரிந்துரை எழுதிடறேன். ஆனா சாயங்காலம் ஆறரை பஸ்ஸுக்கு நான் கெளம்பியாகணும், அதுக்கப்புறம் எங்க ஊருக்கு பஸ் இல்ல."

இதுக்கு மேல என்னங்க வேணும்? அழைப்பிதழ் அடிச்சேன் பாருங்க, மூணு மடிப்பு, நாலு கலரு. தலைமை, முன்னிலை, குத்துவிளக்கேற்றுபவர், வாழ்த்துரை, சிறப்புரை, ஆசியுரைன்னு நாப்பத்தி மூணு பேரு. ஒருத்தரு பேரு விட்டுப் போயிருந்தாலும் ஊருக்குள்ள நான் நடக்க முடியாதுங்க. வரவேற்புரை: செயலாளர் சென்னியப்பன். தடிச்ச எழுத்து. நான் அதை வீட்டுல எத்தனை தடவ பாத்தேன்னு கேட்டீங்கன்னா சிரிப்பீங்க.

சம்பூரணம் ஒண்ணு வாங்கிப் பாத்துச்சு. முன்னயும் பின்னயும் தெருப்பிப் பாத்துச்சு. "ஏனுங்ணா, எங்க பேரு ஒண்ணும் இல்லீங்களே?"

"கடேசி வரியப் படி அம்மிணி. தொடர்ந்து கலை நிகழ்ச்சி நடைபெறும். அது யாரு? நீங்கதான!"

"செரிங்ணா. மேடம் ஆறரைக்குப் போயிருவாங்கன்னீங்க. அப்ப எங்களை மொதல்லயே விட்டுருங்ணா. நாப்பது நிமிசம் போதும். பொறகு நீங்க எத்தனை நேரம் வேணாப் பேசிக்குங்க."

"அட, ஆட்டத்தை மொதல்ல விட்டா அப்பறம் எங்களை யாரு அம்மிணி கேப்பாங்க?"ன்னேன். நியாயந்தானுங்களே? அது அழைப்பிதழைத் திருப்பி எங்கையிலயே குடுத்துட்டுப் போயிருச்சு.

விழா அன்னைக்கு மூணரைக்குன்னு போட்டிருந்தோம். மேடம் மூணே காலுக்கே வந்து உக்காந்துட்டாங்க. பொன்னுரங்கம் நாலே காலுக்கு வந்தாரு. நாப்பத்தி மூணு பேத்துக்கும் மேடை பத்தல, அதனால கீழ நடு ஹாலு வரைக்கும் சேரைப் போட்டு உக்கார வெச்சுட்டோம். கும்மிக்காரங்க ரெண்டு மணிக்கே சலங்கை கட்டி, பொடவை வேட்டி எல்லாம் ஒரே கலர்ல, வாசப்பக்கம் வேப்பமரத்தடியில நின்னுட்டிருந்தாங்க.

நான் மைக்கப் புடிச்சேன். ஏனுங்க, பன்னெண்டு வருசம்! பன்னெண்டு வருசமா ஒவ்வொரு நன்றியுரையிலயும் சொல்ல வந்து சொல்லாம விட்டதெல்லாம் தொண்டையில நின்னுச்சுங்க. ஒவ்வொருத்தரையும் அவரு பொறந்த ஊருல இருந்து ஆரம்பிச்சு வரவேத்தேன். ஒரு மணி பத்து நிமிசம். ஒருத்தரு எந்திரிச்சுப் போவல. மேடையில இருக்கறவங்க எப்படிப் போவாங்க, அவிய பேரு இன்னும் வரலயே! அதுக்கப்பறம் பொன்னாடை. நாப்பத்தி மூணும் நான்தான் எடுத்து எடுத்துக் குடுத்தேன், தோளு கழண்டு போச்சு.

நடுவுல சம்பூரணம் நாலு தடவ வாசப்படியில எட்டிப் பாத்துச்சு. நான் கைய இப்படிக் காட்டினேன், இரு இருன்னு. ஆறு மணிக்கு மேடம் எம் பக்கத்துல வந்து மெல்லமாக் கேட்டாங்க, "சார், நிகழ்ச்சி?" "வந்துருச்சுங்க மேடம், ஆண்டறிக்கை மட்டும் படிச்சர்றேன்"ன்னேன். ஆறே காலுக்கு அவிய கைப்பையத் தோளுல மாட்டிட்டு எந்திரிச்சாங்க. பாத்ரூமுக்குப் போறாங்கன்னு நான் நெனச்சேன்.

ஆண்டறிக்கையில ஏழாம் பக்கம் படிக்கறப்ப நிமுந்து பாக்கறேன், பின்னால மூணு வரிசை காலி. ஒம்பதாம் பக்கத்துல ஹால்ல பாதி காலி. போண்டா வந்துருச்சாட்ட இருக்குதுன்னு படிச்சுட்டே இருந்தேன். அப்பறம் மேடையில இருந்தே ஒவ்வொருத்தரா பொன்னாடையோட எறங்கறாங்க. பொன்னுரங்கமும் எறங்கிப் போறாரு! மைக்செட்டுக்காரன் எப்பவோ போயிட்டான். வெளிய படார் படார்னு கை தட்டற சத்தம். எனக்குக் கையே தட்டாத ஊருங்க அது, அங்க யாருக்கு இத்தனை தட்டறாங்கன்னு கேட்டா, அது தட்டறதில்ல, கும்மி.

வந்துது பாருங்க கோவம். அறிக்கையச் சுருட்டிக் கையில புடிச்சுட்டு வெளிய போனேன். திட்டத்தானுங்க போனேன், வேற எதுக்கும் இல்ல.

எங்கூர் பஸ் ஸ்டாப்பு ஹாலுக்கு நேரெதிர்ல. சம்பூரணம் என்ன பண்ணியிருக்குது, மேடம் பைய மாட்டினதப் பாத்ததும் மத்த பதினஞ்சு பேரையும் கூட்டிட்டு ஸ்டாப்புக்கு முன்னால போய் வட்டம் கட்டிருச்சு. ரோடு போடறதுக்கு ஜல்லி கொட்டி வெச்சிருந்த எடமுங்க அது. வெறுங்காலு. சம்பூரணம் பாட்டுச் சொல்ல, பதினஞ்சு பேரும் குனிஞ்சு நிமுந்து சுத்தறாங்க. ஆறரை பஸ் வந்து நிக்குது. டிரைவரு தலைய வெளிய நீட்டி வாயப் பொளந்து பாத்துட்டிருக்கறாரு. பஸ்ஸுல இருந்த சனமெல்லாம் எறங்கி நிக்குது. கண்டக்டரு விசிலை வாயில வெச்சவரு ஊதவே இல்ல. மேடம் ஏறல. அப்படியே நின்னாங்க. அந்த மொகத்துல அப்பத்தான் சிரிப்பப் பாத்தேன்.

நான் என்ன பண்ணினேன்னு கேக்கறீங்களா? நிக்கத்தான் நின்னேன். பன்னெண்டு வருசம் மன்றத்துல இருக்கறேன், கும்மிய முழுசாப் பாக்கறது அன்னைக்குத்தானுங்க. டீக்கடை நல்லசாமி நமக்கு டம்ளரைக் கழுவி வெக்கற ஆளு, அவரு சுத்திக் குதிச்சு உக்காந்து எந்திரிக்கறாரு, எளவட்டம் தோத்துப்போகும். அப்ப என்ற கையில மைக் இருந்திருந்தாக்கூட ஒரு வார்த்தை வந்திருக்காது. கால்ல ஜல்லி குத்துமேன்னு மட்டும் நெனச்சுட்டே இருந்தேன். மறாநாளு பாத்தா ரெண்டு பேரு நொண்டறாங்க. சம்பூரணம் பாதத்துல பெரிய பிளாஸ்திரி, அதோட மிசின் மிதிச்சுட்டிருக்குது.

மேடத்துக்கு பஸ் போயிருச்சு. எங்கூர் டீச்சரு வண்டியில கொண்டுபோய் விட்டுட்டு வந்துச்சு.

பதினஞ்சு நாள்ல ஆர்டர் வந்துது. நிதியுதவி உண்டு. ஹாலு நம்மதுதான், சிமெண்ட் கிமெண்ட் ஒண்ணும் வராது. ஆனா கூடவே ஒரு வரி போட்டிருக்காங்க பாருங்க! விழாவுக்குள்ள நடந்தது சொற்பொழிவுக் கூட்டம், விழாவுக்கு வெளிய நடந்ததுதான் கலை. அதனால நிர்வாகக் குழுவுல ஏழுக்கு அஞ்சு பேராவது கலைஞருகளா இருக்கோணும், துணை விதியத் திருத்திக் கொண்டாங்கன்னு.

கொசு மருந்த எடுக்கத் திருத்தினவன் நானு. இதையும் நானே டைப் அடிச்சு, நானே கொண்டுபோய்க் குடுத்தேன். என்ற பதவிய எடுக்கற காயிதத்துக்கு நானே அலைஞ்சேனுங்க, எந்த ஊருல நடக்கும் இது? பொன்னுரங்கம் கோவிச்சுக்கிட்டு வேற பேரவை ஆரம்பிச்சுட்டாரு. சம்பூரணம் செயலாளரு. நல்லசாமி தலைவரு. நான் சாதா உறுப்பினரு. எனக்கு வருத்தமில்ல, கோவந்தான்.

போன வாரம் சம்பூரணம் அழைப்பிதழ் கொண்டாந்து குடுத்துச்சு. ஒத்தைத் தாளு. மடிப்புக்கூட இல்ல. ஆடறவங்க பதினாறு பேரு பேரும் வரிசையா. கீழ ஒரே ஒரு வரி. நன்றியுரை: சென்னியப்பன்.

"ஏன் அம்மிணி, திருப்பியும் நன்றியுரையா?"ன்னேன்.

"ஆமாங்ணா. பேச்சே அது ஒண்ணுதானுங்ணா. கும்மி முடிஞ்சு நீங்கதான் பேசறீங்க. ரெண்டு நிமிசம்."

ரெண்டு நிமிசம்! ஒரு மணி பத்து நிமிசம் பேசினவனுக்கு! பொன்னாடையும் வேண்டாம்னுருச்சு. ஆடி வேர்த்து நிக்கறப்ப பட்டுத் துணியப் போத்தினா நசநசங்குமாம். அதான் துண்டா எடுத்தேன். தொட்டுப் பாருங்க, நல்லா ஈரம் உறிஞ்சும். பேரச் சொல்லி ஒவ்வொருத்தருக்கா குடுக்கலாம்னு. சீட்டுல எழுதல, மனப்பாடம். கேளுங்க. டீக்கடை நல்லசாமி. தறிக்கார அங்காத்தா. அவங்க மருமக பூவாயி. டீச்சரு கோகிலவாணி. நாத்துப் பண்ணை ராமாத்தா. வெல்டிங் தங்கமுத்து... பதினாறும் வருமுங்க, நாலு நாளா காயில் கட்டிட்டே சொல்லிப் பாத்தேன்.

அப்பறம் மேடத்துக்கு நன்றி, பேரூராட்சிக்கு நன்றி, பதிவு ஆபீஸ்ல கண்ணாடி போட்ட அம்மாவுக்கு நன்றி. காலையில கடியாரத்த வெச்சுப் பாத்தேன், ரெண்டரை நிமிசம் வருது. அரை நிமிசம் எச்சு. யார வெட்டறதுன்னு ஒரே ரோசனை. கடேசியில, இந்த மன்றத்துக்காக அலைந்து திரிந்த அடியேன்னு மொதல்ல ஒரு பத்தி எழுதியிருந்தேன், அத அடிச்சுட்டேன். இப்பச் சரியா ரெண்டு.

அதா, எங்கூர் வேப்பமரம் தெரியுது பாருங்க. சித்த நகருங்க, மூட்டைய எடுத்துக்கறேன். ஏனுங்க, நீங்க எங்க எறங்கோணும்? எங்க? அட கெரகமே! அது தாண்டி மூணு ஸ்டாப் ஆச்சே! சொல்லக் கூடாதுங்களா? நான் எங்க சொல்ல விட்டேன்னா... அதுவும் செரிதான்.

போச்சாதுங்க, எறங்குங்க. திரும்பற பஸ்ஸு ஏழு மணிக்கு இருக்குது, ஸ்டாப்பு ஹாலுக்கு எதுத்தாப்பலதான். கும்மிய முழுசாப் பாத்துட்டுப் போலாம். நன்றியுரை வரைக்கும் இருங்க, எந்திரிச்சுப் போயிராதீங்க, ரெண்டே நிமிசந்தான். அந்தப் பக்கம் காது புடிங்க இந்த மூட்டைக்கு. ஆங். இத்தனை நேரம் பேசிட்டு வாரேன், கேக்கவே இல்ல பாருங்க.

உங்க பேரு என்னங்க?